ஆறாத என்ஜின்

கனகமணி ஒரு காரைப் பார்க்கப் போனால் முதலில் பெயின்ட்டைப் பார்க்கமாட்டாள். ஓடிய கிலோமீட்டரையும் பார்க்கமாட்டாள். நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து, புறங்கையைச் சைலன்சர் குழாயின்மேல் வைப்பாள். குழாய் சில்லென்று இருந்தால் வேலையைத் தொடங்குவாள். வெதுவெதுப்பாக இருந்தால் நிமிர்ந்து, விற்பவரின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே குன்னூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் அவளுக்குச் 'சந்தேகமணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. கோபப்படவில்லை.

அருவங்காடு தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்த ஒரே பெண். படிப்பு முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். அங்கே நடந்த ஒரு சம்பவம்தான் அவளை இப்படி ஆக்கியது. ஒருநாள் ஒரு குடும்பம் காரைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க, ஊட்டிக்குப் போறோம்" என்றது. கார் ஓடி வந்த சூட்டில் இருந்தது. என்ஜின் சீராக ஓடியது. ஒரு குறையும் இல்லை என்று அந்தக் காரின் சொந்தக்காரரும் சத்தியம் செய்தார். கனகமணி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் என்ஜின் இறுகி நின்றுபோக, பின்னால் வந்த பஸ் இடித்து, காரில் இருந்த பெண்ணுக்குக் கை முறிந்தது. யாரும் கனகமணியைக் குற்றம் சொல்லவில்லை. அவள்தான் சொல்லிக்கொண்டாள். சூடான என்ஜின் தன் நோயை மறைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டதே இல்லை.

கல்யாணமாகி அருவங்காட்டுக்கே திரும்பியதும், பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைச் சோதித்து அறிக்கை எழுதித் தருவதையே தொழிலாக்கிக்கொண்டாள். 2018 ஜனவரியில், மலையில் உறைபனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், ஊட்டியில் லாட்ஜ் நடத்தும் மாணிக்கம் அவளுக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்குதுங்க. வெளிநாட்டு வண்டி, பன்னெண்டு வருசம் ஆச்சு, ஆனா பார்த்தா புதுசு மாதிரி இருக்குது. கோத்தகிரி ரோட்டுல ஒரு அம்மா விக்கறாங்க. நீங்க பாத்து 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டா முடிச்சுருவேன்."

"பாத்துட்டுத்தான் சொல்வேனுங்க. 'சரி'ன்னு சொல்றதுக்காகப் பாக்கமாட்டேன்" என்றாள் கனகமணி.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு சின்ன தேயிலைத் தோட்டம். சரிவின் மேலே வீடு, கீழே பழைய இலை நிறுக்கும் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் கார் நின்றது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்த உடம்பு. முன்பக்க மூடியைத் திறந்தால் அங்கே சாமான் வைக்கும் இடம்தான் இருந்தது. என்ஜின் சீட்டுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாதபடி புதைந்து கிடந்தது. மறைத்து வைக்க இதைவிட வசதியான இடம் வேறு வேண்டாம் என்று கனகமணி நினைத்தாள்.

விற்பவரின் பெயர் உஷா. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் வெள்ளியங்கிரி, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பொருத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். பெங்களூரில் யாரிடமோ பழைய வண்டியாக இந்தக் காரை வாங்கி, பிள்ளைபோல வைத்திருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

கனகமணி குனிந்து குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு. வெளியே புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது.

"வண்டி சூடா இருக்குதுங்களே அக்கா."

"ஆமாங்க. தெனமும் காலைல பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெப்பேனுங்க. அவரு போனதுக்கப்புறம் ஒரு நாள்கூட விட்டதில்லை."

"நான் வர்றேன்னு தெரிஞ்சுமா?"

உஷாவுக்கு அந்தக் கேள்வியின் முனை புரியவில்லை. "வர்றீங்கன்னுதான் துடைச்சும் வெச்சேனுங்க" என்றார்.

கனகமணி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருந்தது. இந்த மாதிரி வண்டிக்கு இவ்வளவு கெட்டி ஆயில் யாரும் ஊற்றமாட்டார்கள். உள்ளே ஏதோ சத்தத்தை அமுக்க நினைத்தால் தவிர. பின்னால் வலமும் இடமுமாக இரண்டு புகைக்குழாய்கள். வலது குழாயில் லேசான சாம்பல் நிறம். இடது குழாய்க்குள் விரலை விட்டால் மை அப்பியது.

உஷா ஒரு ஃபைலை எடுத்து வந்து காட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் குன்னூர் சின்னராஜ் ஒர்க் ஷாப்பில் போட்ட பில் அதில் இருந்தது. 'என்ஜின் இறக்கி, பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றி, பழுது நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. சின்னராஜைக் கனகமணிக்குத் தெரியும். எஸ்டேட் லாரி, ஜீப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். நல்ல பெயர் உள்ளவர். ஆனால் இந்தக் காரின் என்ஜினை இறக்கக் குன்னூரில் யாரிடம் கருவி இருக்கிறது?

"அக்கா, நாளைக்குக் காலைல ஏழேகாலுக்கு வர்றேனுங்க. அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க. ஆறிக் கெடக்கற வண்டியத்தான் நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும்."

"சரிங்க" என்றார் உஷா.

மறுநாள் ஏழேகாலுக்குக் கனகமணி போய்க் குழாயில் கை வைத்தாள். சூடாக இருந்தது. நேற்றைவிட அதிகமாகவே.

"நான் தொடவே இல்லீங்க!" என்றார் உஷா. நடைப்பயிற்சி முடித்து வந்த ஸ்வெட்டரோடு நின்றிருந்தார். "சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. ஆறு மணிக்குப் போனவ இப்பத்தான் ஊட்டுக்கே வந்தேன்."

"அப்ப வண்டி தானா ஸ்டார்ட் ஆயிருச்சுங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

கனகமணிக்குள் ஏதோ சூடேறியது. எத்தனையோ பேர் இப்படி அப்பாவி முகத்தோடு அவள் முன்னால் நின்றிருக்கிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்தவர்கள், வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவி விற்றவர்கள், எல்லோரும் இதே குரலில்தான் பேசினார்கள்.

"செத்துப்போன வீட்டுக்காரர் பேரைச் சொன்னா எல்லாரும் எரக்கப்பட்டு வாங்கிக்குவாங்கன்னு நெனச்சீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

உஷாவின் முகம் சுருங்கியது. பிறகு வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்து கனகமணியின் கையில் வைத்தார்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஏழு மணிக்கு வந்து பாருங்க. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு வேண்டாம்."

கனகமணி சாவியோடு சரிவில் ஏறினாள். இப்படிச் சாவியைத் தூக்கிக் கொடுப்பதும் ஒரு நாடகமாக இருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சாலையோரம் தன் ஸ்கூட்டரைத் தள்ளும்போது, இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த பாப்பம்மாள் என்ற பெண் நின்று விசாரித்தாள்.

"கார் வாங்க வந்தீங்களாம்மா? நல்ல வண்டிதானுங்க. தெனமும் எட்டு மணிக்கு உறுமும். நாங்க அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் டீ குடிக்க உக்காருவோம். இன்னிக்கு என்னமோ வெள்ளனவே உறுமுச்சு."

"எப்பங்க?"

"அந்தம்மா நடக்கப் போனாங்கல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து. மேலே ரோட்டுல அவங்க போறதைப் பாத்தேன், கீழ வண்டிச் சத்தம் கேட்டுது. ஊட்டுல வேற ஆள் வந்திருக்காங்கன்னு நெனச்சேனுங்க."

கனகமணி ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் நின்றாள். உஷா தனியாக இருப்பவர். கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். அப்படியென்றால் இன்னொரு சாவி இருக்கிறது. அது உஷாவுக்குத் தெரிந்து இருக்கிறதா, தெரியாமல் இருக்கிறதா? இந்தப் பாப்பம்மாளே சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாளோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்தபோது அவளுக்கே தன்மேல் கொஞ்சம் வெறுப்பாக இருந்தது.

மத்தியானம் மாணிக்கம் போன் செய்தார். குரலில் பழைய குழைவு இல்லை.

"ரெண்டு நாளா ஒரு வண்டியப் பாக்கறீங்க. ஏனுங்க, வேற பார்ட்டி யாராச்சும் உங்ககிட்டப் பேசியிருக்காங்களா? எனக்கு வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டு அவங்க எடுத்துக்கற மாதிரி?"

"அப்படி நெனச்சா வேற ஆளை வெச்சுப் பாத்துக்கங்க."

"சந்தேகம் வருமல்லங்க?"

"வரட்டும். எனக்கும் நெறைய வருது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கணவர் நல்லசாமி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உஷாவிடம் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னாள். நல்லசாமி சட்டையைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"அப்படியா கேட்ட?"

"ஆமா."

"வண்டிய எவ்வளவு வேணா சந்தேகப்படு, அது உன்ர வேலை. அந்தம்மாவோட துக்கத்தை எதுக்கு இழுத்தே?"

கனகமணி உஷாவின் சாவியை எடுத்து மறுநாளைக்கான பையில் போட்டாள்.

அடுத்த நாள் ஏழு மணிக்குப் போக வேண்டியவள், விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூட்டரைச் சாலைப் பாலத்தின் பக்கம் நிறுத்திவிட்டுக் கொட்டகைக்கு எதிரே இருந்த ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றாள். தேயிலைச் செடிகளின்மேல் பனி உப்புத் தூவியதுபோல் கிடந்தது. கையுறைக்குள் விரல் மரத்துப் போயிற்று. சரியாக ஆறு மணிக்கு மேலே வீட்டுக் கதவு திறந்தது. உஷா தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு சாலைக்கு ஏறினார். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வளைவில் மறையும்வரை கனகமணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கீழ்ப் பாதையில் ஒரு பைக் வந்தது. என்ஜினை அணைத்து, சரிவிலேயே உருட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். வந்த ஆள் பைக்கைச் செடி மறைவில் சாய்த்து, கொட்டகைப் பூட்டைத் தன் சாவியால் திறந்து, காருக்குள் உட்கார்ந்தார். காரின் உள்விளக்கு வெளிச்சம் முகத்தில் பட்டபோது அடையாளம் தெரிந்தது. கனகமணி கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள்.

"சின்னராஜண்ணா, சாவியைத் திருப்பாதீங்க."

சின்னராஜ் அதிர்ந்து திரும்பினார். ஐம்பது வயது மனிதர், திருட்டில் பிடிபட்ட பையனைப்போல இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"அம்மிணி... நீங்களா? பேட்டரி எறங்கிப் போயிருமேன்னு பாக்க வந்தேனுங்க."

"பேட்டரி பாக்கறவங்க வண்டிய உருட்டிக்கிட்டா வருவாங்க? கீழ எறங்குங்கண்ணா."

அவர் இறங்கினார். ஓடிவிடுவார் என்று கனகமணி எதிர்பார்த்தாள். ஓடவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உஷா திரும்பி வரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். இடையில் கனகமணி ஒருதரம் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டிபோல இருந்தது.

உஷா நடந்து வந்தவர், கொட்டகை திறந்திருப்பதைப் பார்த்து வேகமாக இறங்கி வந்தார். சின்னராஜைப் பார்த்தார், காரில் தொங்கிய இன்னொரு சாவியைப் பார்த்தார்.

"சின்னராஜு, உங்களுக்கு ஏது இந்தச் சாவி?"

"கொட்டகைச் சாவியோட சேர்த்து, சார் சர்வீசுக்குக் குடுத்து வெச்சதுங்கம்மா. திருப்பிக் குடுக்கலை."

"முந்தாநாள் சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே, வண்டியத் தொடக்கூடாதுன்னு அவங்க சொல்லீட்டுப் போயிருக்காங்கன்னு! அதுக்கப்புறமுமா வந்தீங்க?"

கனகமணி காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

என்ஜின் இருமி எழுந்தது. அடுத்த நொடியிலிருந்து ஊசியால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இடது பக்கத்திலிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது. இடது குழாயிலிருந்து நீலப் புகை சுருண்டு கொட்டகைக்குள் பரவியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கனகமணி உஷாவின் முகத்தையே கவனித்தாள். அதில் பயமோ, பிடிபட்ட சாயலோ இல்லை.

"இது எப்பவும் வர்ற சத்தந்தானுங்களே?" என்றார் உஷா. "தெனமும் கேக்கறேன். ஸ்போர்ட்ஸ் வண்டின்னா குளுருல இப்படித்தான் சத்தம் போடும், பத்து நிமிசம் ஓட விட்டா அடங்கிரும்னு சின்னராஜுதான் சொன்னாரு. ஏன், இது தப்பா?"

கனகமணி என்ஜினை அணைத்தாள். இந்தப் பெண்மணி எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நேற்றுத் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"நீங்க என்ஜினை இறக்கவே இல்லை, இல்லீங்களாண்ணா?"

சின்னராஜ் தலையை ஆட்டினார்.

"சார் நம்பிக் குடுத்துட்டாருங்க. என்ர கையில எந்த வண்டியும் நின்னதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு. இதை எங்க பிடிச்சுக் கழட்டறதுன்னே எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வாய் வரலீங்க. கெட்டி ஆயில் ஊத்துனேன், சத்தம் கொறைஞ்சுது. சரி பண்ணியாச்சுன்னு பில் போட்டுட்டேன். அவரு சந்தோசமா ஓட்டீட்டுப் போனாரு. வண்டிய விக்கப் போறேன்னு அம்மா சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிருச்சு. யாராச்சும் பாத்தா என்ர பேரு போயிருமேன்னு..."

"அதுக்காக என்னைப் பொய்க்காரி ஆக்குனீங்களா?" என்றார் உஷா. கத்தவில்லை. "இந்தப் பொண்ணு நேத்து என்னைக் கேட்ட கேள்விக்கு நான் அழுத மாதிரி, அவரு செத்த அன்னிக்குக்கூட அழுதிருக்கமாட்டேன்."

சின்னராஜ் கொட்டகைச் சாவியைக் காரின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பகலில் கனகமணி முறையாகச் சோதித்தாள். அடியில் படுத்துப் பார்த்தபோது, என்ஜினின் போல்ட்டுகளில் தயாரித்த இடத்தில் வைத்த பெயின்ட் பொட்டுகள் கலையாமல் இருந்தன. யாரும் அதில் ஸ்பானர் வைத்ததே இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய கேமராவை உள்ளே விட்டாள். இடது பக்கத்து மூன்று சிலிண்டர்களில் இரண்டில், வழுவழுப்பாக இருக்க வேண்டிய சுவர் முழுக்க நகத்தால் கீறியதுபோல் நீள நீளமாகக் கோடுகள். ஆயில் ஃபில்டரைப் பிளந்தால் மடிப்புகளுக்குள் ஜரிகைபோல உலோகத் துகள் மின்னியது. இந்த ரகத்து என்ஜின்களுக்கு வருகிற நோய்தான். ஊட்டி ஏற்றத்தில் எந்த நாளும் நின்றுவிடக்கூடிய நிலை.

எல்லாவற்றையும் எழுதி மாணிக்கத்துக்கு அனுப்பினாள். அவர் போன் செய்து, "தப்பிச்சேனுங்க, நான் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்ளமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "உஷா அம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. லாட்ஜுல யாராச்சும் கேட்டா அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு, யாரும் கூப்பிடாமலே உஷா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்கக்கா."

"கேட்டுட்டீங்க."

"ஆமாங்க."

உஷா ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லுங்க. தெனமும் நான் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனேனே, அதனாலயா வண்டி இப்படி ஆச்சு?"

கனகமணி இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தாள். குளிரில் என்ஜினை எழுப்பி, ஓட்டாமல் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். ஒன்றரை வருடம், ஒரு நாள் தவறாமல். இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அதுவும் ஒரு காரணந்தானுங்கக்கா" என்றாள். "ஆனா புண்ணு அதுக்கு முன்னாடியே இருந்துது. அவரு இருக்கும்போதே. நீங்க பண்ணுனது அதைக் கொஞ்சம் பெருசாக்கீருச்சு. சும்மா நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆயிருக்காது."

உஷா அழவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார்.

"அவரு அந்தச் சீட்டுல உக்காந்து எப்படிச் சிரிப்பாருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார். "சரி. நீங்க சொன்னது நல்லதுதான். உக்காருங்க."

இந்தத் தடவை கனகமணி உட்கார்ந்தாள்.

மார்ச் மாதம், கோயம்புத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஒருவர், கனகமணி எழுதிய அறிக்கையை வரிக்கு வரி படித்து, எல்லாம் தெரிந்தே வண்டியை எடுத்துக்கொண்டார். உஷா வேறு யாரிடமும் பேரம் பேசவில்லை. சின்னராஜும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. காரை லாரியில் ஏற்றிக் கட்டும்போது கயிற்றை அவரே இழுத்து முடிச்சுப் போட்டார். உஷா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கனகமணி லாரியைச் சுற்றி வந்து, அவர் போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

லாரி கிளம்பி வளைவில் திரும்பியதும், உஷா கொட்டகைக்குள் போய்த் துடைப்பத்தை எடுத்தார். தரையில் கார் நின்ற இடத்தில் ஆயில் கறை பெரிதாகப் படிந்திருந்தது. கனகமணி ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மரத்தூள் பையை எடுத்து வந்து அதன்மேல் கொட்டினாள். இருவருமாகத் தேய்க்கத் தொடங்கினார்கள்.